கான் நிரம்பிய ஒழுங்கை: ஒரு முறைப்பாட்டின் பதினொரு மாதங்கள்

இது கொழும்பில் உள்ள ஓர் உள்ளூராட்சி சபையில் நடந்தது. சபையின் பெயரும் ஒழுங்கையின் பெயரும் ஆட்களின் பெயரும் இங்கே இல்லை. தமிழில் வரும் கடிதங்களைச் சிங்களத்திலும், சிங்களத்தில் எழுதப்படும் பதில்களைத் தமிழிலும் ஆக்கிக் கொடுப்பது அங்கே என் வேலை. இந்தக் கோப்பு தடம் மாறியது என் மேசையில்தான். அந்தப் பகுதியையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

பின்னணி

பிரதான வீதியிலிருந்து உள்ளே போய் ஒரு மதிலில் முட்டி நிற்கும் ஒழுங்கை. இருபத்தாறு வீடுகள். ஒரு முச்சக்கர வண்டி போகலாம். எதிரே இன்னொன்று வந்தால் ஏதாவதொன்று பின்வாங்க வேண்டும். முகப்பில் இரண்டு சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. இரவு பத்து மணிக்குப் பிறகும் கொத்து ரொட்டி போடும் சத்தம் கேட்கும். இடப்பக்கத்தில் சிமெந்துப் பலகைகளால் மூடிய மழைநீர்க் கான். ஒழுங்கையின் நடுப்பகுதி இரண்டு முனைகளையும்விடச் சற்றுத் தாழ்வானது. முறைப்பாடு செய்த ஓய்வுபெற்ற ஆசிரியையின் வீடு அந்தத் தாழ்விலேயே இருக்கிறது. ஒழுங்கையில் எல்லோரும் அவரை டீச்சர் என்றே அழைக்கிறார்கள். இங்கும் அப்படியே.

கொழும்பில் மழைநீருக்கும் மலக்கழிவுக்கும் தனித்தனிப் பாதைகள். மழைநீர் வீதியோரக் கான்கள் வழியாகக் கால்வாய்களுக்கும் கடலுக்கும் போகிறது. மலசலகூடம், குளியலறை, சமையலறை ஆகியவற்றின் நீர் நிலத்தடிக் குழாய்களில் இறங்கிப் பம்பு நிலையங்களுக்குப் போகிறது. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இடத் தொடங்கிய தொகுதி அது. நாங்கள் வேலை செய்யும் சபையில் இவை இரண்டும் இரண்டு பிரிவுகள். பொறியியலாளரும் வேறு, தொழிலாளரும் வேறு, லொறியும் வேறு. கான் பிரிவின் ஆட்கள் மண்வெட்டியும் வாளியும் கொண்டு வருவார்கள். குழாய்ப் பிரிவினர் நீண்ட கம்பிகளும் நீர்ப்பீச்சு இயந்திரமும் கொண்டு வருவார்கள். ஒருவரின் மூடியை மற்றவர் திறப்பதில்லை. திறந்தால் மூடுவது யார் பொறுப்பு என்ற கேள்வி வரும்.

1987இல் வந்த 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழி. மேல் மாகாணத்தில் நிர்வாகம் சிங்களத்தில் நடந்தாலும், தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் எவருக்கும் உரிமை உண்டு. அதற்காகத்தான் என் மேசை. தமிழ்க் கடிதம் கரும்பீடத்தில் திகதி முத்திரை பெற்று, பதிவேட்டில் ஓர் இலக்கம் பெற்று, என்னிடம் வரும். நான் இணைக்கும் சிங்களத் தாளை வாசித்துவிட்டு எழுதுவினைஞர் அதை உரிய பிரிவுக்கு அனுப்புவார். மூலக் கடிதம் அடியில் இருக்கும். அதற்குப் பிறகு அதை வாசிக்கும் ஆள் பெரும்பாலும் இல்லை.

அந்தக் காலத்தில் சபையில் உறுப்பினர்களும் இருக்கவில்லை. 2018இல் தெரிவான உள்ளூராட்சி சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அலுவலர்களே சபையை நடத்தினார்கள். வட்டார உறுப்பினரின் வீட்டு வாசலில் போய் நின்று ஒரு காரியத்தை முடித்துக்கொள்ளும் பழைய வழி அடைபட்டிருந்தது.

முதல் கடிதம்

2024 ஒக்டோபரில், இடைப்பருவ மழை தொடங்கிய வாரத்தில், டீச்சரின் கடிதம் வந்தது. கோடிட்ட தாளில், ஒற்றை விடுபட்ட எழுத்துக்கூட இல்லாத கையெழுத்து. முக்கியமான வரி இது: "எங்கள் ஒழுங்கையில் கான் நிரம்பி வீட்டு முற்றத்துக்குள் வருகிறது. நாற்றம் தாங்க முடியவில்லை."

கான் என்பதை நான் "காணுவ" என்று எழுதினேன். இரண்டு மொழிகளிலும் ஏறக்குறைய ஒரே ஒலி. யோசிக்க எதுவும் இல்லை என்றே நினைத்தேன். ஆனால் கொழும்புத் தமிழில் கான் என்பது அகலமான சொல். வெள்ளவத்தையில் கேட்டாலும் கொட்டாஞ்சேனையில் கேட்டாலும், அழுக்குத் தண்ணீர் ஓடும் எதையும் கான் என்பார்கள். அலுவலகச் சிங்களத்தில் காணுவ என்றால் மழைநீர் ஓடும் வாய்க்கால் மட்டுமே. நிலத்தடிக் கழிவுக் குழாய்க்கு "மலாபவஹன" என்று வேறொரு சொல் இருக்கிறது. நான் காணுவ என்று எழுதிய கணத்தில் கடிதம் கான் பிரிவுக்குரியதாகிவிட்டது. எழுதுவினைஞர் தாளை வாசித்தார், உரிய தட்டில் வைத்தார். அவர் செய்ததில் பிழை ஒன்றும் இல்லை.

நாற்றம் என்ற சொல்லில் நான் நின்றிருக்க வேண்டும். மழைத் தண்ணீர் அழுக்காக இருக்கலாம், ஆனால் தாங்க முடியாத நாற்றம் அதில் வராது. அன்று மேசையில் நாற்பது கடிதங்கள் இருந்தன என்று சொல்லலாம். உண்மைதான். ஆனாலும் அது காரணமே தவிர நியாயம் அல்ல.

மூன்று முறை முடிந்த வேலை

ஒன்பது நாட்களில் நான்கு தொழிலாளர்கள் போனார்கள். பலகைகளைத் தூக்கி, மண்ணையும் பொலித்தீனையும் அள்ளிக் கரையில் குவித்தார்கள். குவியல் மறுநாள் மாலைவரை அங்கேயே கிடந்தது என்று டீச்சர் பின்னர் சொன்னார். மேற்பார்வையாளர் கைபேசியில் படம் எடுத்து அனுப்பினார். கோப்பில் "பணி நிறைவு" என்று எழுதி மூடினார்கள். சபையின் கணக்கில் இது நன்றாக நடந்த முறைப்பாடு. ஒன்பது நாட்கள் என்பது எங்கள் அளவுகோலில் வேகம்தான்.

டிசெம்பரில் இரண்டாவது கடிதம். முந்தைய கடிதத்தைக் குறிப்பிட்டு, இன்னும் பணிவாக எழுதியிருந்தார். அதற்குப் புதிய இலக்கம், புதிய கோப்பு. மீண்டும் நான்கு பேர், மீண்டும் படம், மீண்டும் பணி நிறைவு. 2025 பெப்ரவரியில் மூன்றாவது. அப்போதும் அப்படியே. மூன்று கோப்புகளும் ஒன்றையொன்று அறியாமல் தனித்தனி அலுமாரித் தட்டுகளில் இருந்தன. மூன்று தாளிலும் காணுவ என்ற என் சொல் இருந்தது.

இடையில் இன்னொன்றும் நடந்தது. மூன்றாவது கடிதத்தின் பிரதியொன்று சுகாதாரப் பிரிவுக்குப் போக, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் ஒழுங்கைக்கு வந்தார். டெங்கு நுளம்பு பெருகும் இடங்களை வைத்திருப்பவர்களுக்கு எதிராக 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நடவடிக்கை எடுக்கலாம். டீச்சரின் முற்றத்தில் பூச்சாடித் தட்டொன்றில் தண்ணீர் இருந்தது. எச்சரிக்கை அறிவித்தல் அவருக்கே கிடைத்தது. முறைப்பாடு செய்தவருக்கு அறிவித்தல்! அடுத்த வாரம் அதை மடித்துக் கையில் வைத்துக்கொண்டுதான் கரும்பீடத்துக்கு வந்தார்.

ஆனால் அந்தப் பரிசோதகர் கண் உள்ள மனிதர். தன் அறிக்கையின் கடைசியில் இரண்டு வரிகள் சேர்த்திருந்தார். கானில் கண்ட கூத்தன்புழுக்கள் டெங்கு நுளம்பினுடையவை அல்ல, அழுக்குநீரில் வளரும் கியூலெக்ஸ் வகை. மழை பெய்து ஒரு வாரத்துக்கு மேலாகியும் கானில் நீர் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டு வரிகளும் சுகாதாரப் பிரிவின் கோப்பிலேயே கிடந்தன. பொறியியல் பிரிவில் யாரும் அதைக் காணவில்லை. நானே மே மாதத்தில்தான் வாசித்தேன்.

நாட்காட்டி

மார்ச் மாதத்தில் ஒரு காலை. டீச்சர் நான்காவது கடிதத்தோடு வரவில்லை. நகைக்கடை ஒன்று கொடுத்த மாதநாட்காட்டியை ஆணியிலிருந்து கழற்றிச் சுருட்டிக் கொண்டு வந்திருந்தார்.

"தம்பி, எழுதி எழுதி அலுத்துவிட்டது. இதைப் பாருங்கள்" என்று கரும்பீடத்தின் மேல் விரித்தார்.

முற்றத்துக்குள் நீர் வந்த நாட்களில் சிவப்புப் பேனாவால் வட்டம். வட்டத்துக்குள் நேரம். மழை பெய்த நாட்களில் பென்சிலால் ஒரு சிறு குடை. முப்பது ஆண்டுகள் வரவுப் பதிவேடு எழுதிய கை அது. பெப்ரவரியில் குடை மூன்றே மூன்று. சிவப்பு வட்டங்கள் பதினேழு. நேரங்களைப் பார்த்தேன்: பத்தே முக்கால், பதினொன்று, பதினொன்று பத்து. எல்லாம் இரவு. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வட்டம் இல்லை.

"ஞாயிறு என்ன விசேஷம், டீச்சர்?"

"அன்றைக்குக் கடை இரண்டும் பூட்டு."

அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு என் மூன்று தாள்களும் நினைவுக்கு வந்தன. "வருகிற தண்ணீர் என்ன மாதிரி இருக்கும்?" என்று கேட்டேன். ஐந்து மாதங்களில் இந்தக் கேள்வியை அவரிடம் கேட்ட முதல் ஆள் நான். அவர் குரலைத் தாழ்த்தி, வெள்ளைக் கட்டிகள் மிதக்கும், சில நாட்களில் கக்கூஸ் அழுக்கும் வரும் என்றார். கடிதத்தில் ஏன் அதை எழுதவில்லை என்றேன். அரசாங்க அலுவலகத்துக்கு எழுதும் கடிதத்தில் அந்தச் சொல்லை எப்படி எழுதுவது என்று திருப்பிக் கேட்டார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அன்று பிற்பகல் எழுதுவினைஞரும் நானும் மூன்று விடயங்களை முடிவு செய்தோம்.

புதிய கோப்பு திறப்பதில்லை என்பது முதலாவது. மூன்று பழைய கோப்புகளையும் ஒரே நூலில் கட்டி, நாட்காட்டியின் ஒளிப்படப் பிரதியை மேலே வைத்தோம். தனித்தனியாக அவை மூன்று வெற்றிகள். ஒன்றாகக் கட்டினால்தான் தோல்வி தெரிந்தது. முன்பு நான் செய்த மொழிபெயர்ப்பு பிழையானது என்ற குறிப்பையும் ஒப்பமிட்டு இணைத்தேன். பக்கத்து மேசைக்காரர் அதைத் தேவையில்லாத வேலை என்றார். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால், கான் முறைப்பாடு திடீரென்று ஏன் குழாய்ப் பிரிவுக்கு வருகிறது என்ற கேள்வியோடு கோப்பு திரும்பி வந்திருக்கும்.

இரண்டாவது, இரு பிரிவினரையும் ஒரே நேரத்தில் ஒழுங்கையில் நிறுத்துவது. வேறு வேறு நாட்களில் போனால் ஒவ்வொருவரும் மற்றவரின் பக்கம் கைகாட்டுவார்கள்.

மூன்றாவது, வரைபடம். ஒழுங்கைக்கு அடியில் குழாய் எங்கே போகிறது என்று இரு பிரிவிலும் உறுதியாகச் சொல்ல ஆள் இல்லை. பழையவர்கள் ஓய்வுபெற்றுவிட்டார்கள். நாங்கள் கேட்டால் "தேடிப் பார்க்கிறோம்" என்ற பதில் வரும், அதோடு முடியும். ஆகவே 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் டீச்சரே விண்ணப்பித்தார், தமிழில். அந்தச் சட்டத்தின்படி தகவல் அலுவலர் பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொந்த அலுவலகத்துக்கு எதிராக வேலை செய்கிறேனோ என்ற உறுத்தல் எனக்கு இருந்தது. ஆனால் திகதி இல்லாத கோரிக்கைக்கு எங்கள் அலுமாரிகள் திறப்பதில்லை. இது பலமுறை கண்ட விடயம்.

பதின்மூன்றாவது வேலை நாளில் வரைபடத்தின் பிரதி கிடைத்தது. ஒழுங்கையின் நடுவே ஒரு கழிவுக் குழாய், அதில் இரண்டு மேன்ஹோல்கள். ஒன்று முகப்பில், கடைகளுக்குச் சற்று அப்பால். மற்றது நடுப்பகுதியில். ஒழுங்கையில் போய்ப் பார்த்தபோது இரண்டில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

ஒழுங்கையில் கண்டது

கூட்டுப் பார்வை ஏப்ரல் மாதத்தில், புத்தாண்டு விடுமுறைக்குப் பிறகு நடந்தது. தொழில்நுட்ப உத்தியோகத்தர், கான் மேற்பார்வையாளர், குழாய்ப் பிரிவின் மூத்த தொழிலாளி, டீச்சர், நான்.

மூத்த தொழிலாளி வரைபடத்தைப் பெரிதாகப் பார்க்கவில்லை. இரும்புக் கம்பியொன்றால் கொங்கிரீட்டைத் தட்டிக்கொண்டே நடந்தார். டக், டக் என்று வந்துகொண்டிருந்த சத்தம் இரண்டாவது கடையைத் தாண்டியதும் ஓர் இடத்தில் டொம் என்று மாறியது. அங்கேயே நின்று காலால் ஒரு வட்டம் போட்டார். சில ஆண்டுகளுக்கு முன் ஒழுங்கைக்குக் கொங்கிரீட் இட்டபோது மூடியை உயர்த்தாமல் அதன் மேலேயே கலவையைக் கொட்டியிருக்கிறார்கள். கொங்கிரீட் இட்டது சபைதான், மூன்றாவதாக ஒரு பிரிவு.

பிறகு சாயப் பரிசோதனை. முதல் கடையின் பாத்திரம் கழுவும் தொட்டியில் பச்சைச் சாயத்தைக் கரைத்து ஊற்றினோம். அது வெளியே, பிரதான வீதிக் குழாயை நோக்கிப் போக வேண்டும். எட்டு நிமிடங்களில் டீச்சரின் முற்றத்துச் சிறு தொட்டியின் மூடி இடுக்கில் பச்சை கசிந்தது. அங்கிருந்து கானுக்குள் இறங்கியது. மேற்பார்வையாளர் குனிந்து பார்த்துவிட்டு, "அப்படியென்றால் நாங்கள் மூன்று முறை அள்ளியது…" என்று தொடங்கினார், முடிக்கவில்லை.

கடைகளின் எண்ணெய்க் கழிவு குழாயில் உறைந்து, புதையுண்ட மேன்ஹோலுக்கு அருகில் அடைத்திருந்தது. இரவில் கடை கழுவும் நீர் போக வழியின்றி உள்ளே திரும்பி, தாழ்ந்த முற்றங்களில் எழும்பியது. மழை நாட்களில் நிலைமை மோசமானதற்கும் காரணம் கிடைத்தது. நான்கு வீடுகளின் கூரைப் பீலிகள் மழைநீர்க் கானில் விழாமல் கழிவுக் குழாயில் இணைக்கப்பட்டிருந்தன.

உறுப்பினரின் வருகை

கொங்கிரீட்டை உடைக்க அனுமதி தேவைப்பட்டது. உடைத்த இடத்தை யார் செப்பனிடுவது என்பதில் ஏழு வாரங்கள் போயின. அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. கடிதங்கள் போயின, கடிதங்கள் வந்தன.

ஜூன் 2ஆம் திகதி புதிய சபைகளின் பதவிக்காலம் தொடங்கியது. வட்டார உறுப்பினர் இளையவர், ஆர்வம் உள்ளவர். இரண்டாவது மாதாந்தப் பொதுக்கூட்டத்திலேயே ஒழுங்கையைப் பற்றிக் கேள்வி எழுப்பினார். அதுவரை அசையாத அனுமதி நான்கு நாட்களில் அசைந்தது. இதை ஒப்புக்கொள்ள வேண்டும். உறுப்பினர்கள் இல்லாத இரண்டு ஆண்டுகளில் எவை எவை அசையாமல் கிடந்தன என்பதற்கு இந்த நான்கு நாட்களே அளவு.

ஆனால் அதே கேள்வி காரியத்தைக் கெடுக்கவும் பார்த்தது. ஒழுங்கைக்குப் புதிய கான் கட்டித் தருவதாக உறுப்பினர் மக்களிடம் சொல்லிவிட்டார். கான் பிரிவு மதிப்பீட்டையும் தயாரித்தது. இருபத்தாறு வீடுகளில் பெரும்பாலானவர்களுக்கு மகிழ்ச்சி. புதுக் கான் என்றால் கண்ணால் பார்க்கலாம், படம் எடுக்கலாம். குழாய்க்குள் நடக்கும் வேலையை யார் பார்ப்பது? டீச்சர் நாட்காட்டியோடு உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போய், சாயம் எங்கே ஊற்றப்பட்டது, எங்கே வந்தது என்று மாணவனுக்குச் சொல்வதுபோல் சொன்னார். உறுப்பினர் கேட்டார். புதுக் கான் முன்மொழிவு அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை. வாக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பப் பெறுவது அரசியலில் எளிதல்ல. அந்த இளைஞருக்கு அதற்குரிய மதிப்பைக் கொடுக்க வேண்டும்.

விளைவு

ஓகஸ்ட் முதல் வாரத்தில் கொங்கிரீட்டை வெட்டி மேன்ஹோலைத் திறந்தார்கள். உள்ளே இறுகிய கொழுப்பு. சவர்க்காரக் கட்டிபோல் மண்வெட்டியால் வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. துணிகள், பொலித்தீன், மூடியின் இடுக்கால் விழுந்து உறைந்த கொங்கிரீட் துண்டு ஒன்று. நீர்ப்பீச்சு இயந்திரம் ஒரு முழுக் காலை ஓடியது. மூடியை ஒழுங்கையின் மட்டத்துக்கு உயர்த்தி மீண்டும் பதித்தார்கள். அன்று இரவு பதினொரு மணிக்கு டீச்சர் எழுதுவினைஞரைத் தொலைபேசியில் எழுப்பி, முற்றம் காய்ந்திருக்கிறது என்றார்.

இரண்டு கடைகளுக்கும், எண்ணெயைப் பிடித்து நிறுத்தும் தொட்டி பொருத்துமாறு அறிவித்தல் கொடுக்கப்பட்டது. ஒரு கடை பொருத்தி வாரம் ஒருமுறை துப்புரவு செய்கிறது. மற்றது பொருத்தியிருக்கிறது, ஆனால் செப்டெம்பரில் பார்த்தபோது தொட்டி விளிம்புவரை நிறைந்து கிடந்தது. கூரைப் பீலிகளில் மூன்று மாற்றப்பட்டுவிட்டன. நான்காவது வீட்டுக்காரர் வெளிநாட்டில். வாடகைக்கு இருப்பவர் தனக்கு அதிகாரம் இல்லை என்கிறார்.

மாற்றியதும் மாற்றாததும்

கழிவுநீர் முறைப்பாடுகளுக்கு இப்போது கரும்பீடத்தில் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கத் தாள் இருக்கிறது. மழை இல்லாத நாளிலும் வருகிறதா, எந்த நேரத்தில், எந்தப் பக்கத்திலிருந்து, தண்ணீரில் என்ன மிதக்கிறது என்று அது கேட்கிறது. மலம் என்ற சொல் தாளிலேயே அச்சாகி இருக்கிறது. எழுதக் கூச்சப்படுபவர் அதில் ஒரு சரி அடையாளம் இட்டால் போதும். கான் என்று வரும் எந்தக் கடிதத்துக்கும் நான் முதலில் தொலைபேசியில் பேசிவிட்டே சிங்களச் சொல்லைத் தெரிவு செய்கிறேன். ஒரு நாளுக்கு அரை மணி நேரம் கூடுதலாகப் போகிறது.

"பணி நிறைவு" என்று எழுதும் முன் முறைப்பாட்டாளரிடம் கேட்க வேண்டும் என்று எழுதுவினைஞர் ஒரு பிரேரணை அனுப்பினார். அது இன்னும் பதிலின்றி இருக்கிறது. அப்படிக் கேட்டால் மூடிய கோப்புகளின் எண்ணிக்கை குறையும், அந்த எண்ணிக்கை மாத அறிக்கையில் போகிறது. சுகாதாரப் பரிசோதகரின் இரண்டு வரிகளைப் போன்றவை பொறியியல் பிரிவுக்குப் போக இன்றும் ஒழுங்கான வழி இல்லை. மறுபடி செய்வதானால், முதல் கடிதத்தின் பிரதியைச் சுகாதாரப் பிரிவுக்கு அனுப்பி, அவர்களின் பதிலையும் அதே கோப்பில் கேட்டு வாங்கியிருப்பேன். பெப்ரவரிக்கு முன்பே விடயம் வெளிச்சமாகியிருக்கலாம்.

கோப்பை மூடவில்லை. வரைபடத்தில் உள்ள இரண்டாவது மேன்ஹோலைத் தேடி மூத்த தொழிலாளி செப்டெம்பரில் மீண்டும் வந்தார். நடுப்பகுதி முழுவதும் தட்டிப் பார்த்தார், டொம் என்ற சத்தம் எங்கும் வரவில்லை. பிறகு வரைபடத்தை விரித்து, மதிலிலிருந்து நாடாவால் அளந்தார். அளவு டீச்சரின் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே போனது. இருபது ஆண்டுகளுக்கு முன் அவருடைய கணவர் நீட்டிக் கட்டிய சமையலறைக்குள், அடுப்பு மேடைக்கு நேர் கீழே போய் முடிந்தது. டீச்சர் நாடாவின் நுனியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "இதற்கு யார் யாருக்குக் கடிதம் எழுத வேண்டும், தம்பி?" என்று கேட்டார்.